எதைக் கேட்பது என்று தெரியாத தாய்க்கு



மணிமங்கலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகள் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கிறாள். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், வருகிற கோடையில் இரண்டரை மாதம் இன்டர்ன்ஷிப் செய்ய இடம் கிடைத்திருக்கிறது. கல்லூரி பார்த்து அனுப்பியது அல்ல. அவளே பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதி எழுதிப் பிடித்த இடம். அப்பா ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அந்த வீட்டில் இதுவரை யாரும் விமானம் ஏறியதில்லை.

"என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டுத் தந்தால் புண்ணியமாகப் போகும்" என்று கேட்கிறார். அவரே பாதிப் பட்டியல் எழுதியிருக்கிறார்: பெரிய பெட்டி, ஸ்வெட்டர், எலுமிச்சை ஊறுகாய், வீட்டில் காய்ச்சிய நெய், பால்கோவா. கடிதத்தின் கடைசியில், இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதிய ஒரு வரி: "அவளிடம் கேட்க எவ்வளவோ இருக்கிறதுபோல் தோன்றுகிறது. ஆனால் எதைக் கேட்பது என்றே தெரியவில்லை."

அம்மா, பட்டியலுக்குப் பிறகு வருகிறேன். ஓரத்தில் எழுதிய அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகள் செய்துகொள்ள வேண்டிய ஆயத்தத்தில் முக்கால்வாசி அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது. இது கைவந்தால் ஸ்வெட்டரை அங்கே போய்க்கூட வாங்கிக்கொள்ளலாம்.

மணிமங்கலத்தை அறியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகிற பக்கம், பெரிய ஏரியோடு கூடிய பழைய ஊர் அது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கிய மன்னன் புலிகேசியை வென்ற களங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு அதைக் குறிப்பிடுகிறது. இன்றைக்கு அந்த ஊரைச் சுற்றி உலகமே வந்து இறங்கியிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் சான்ட்ரோவை வெளியே விட்டது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் லாரிகள், பிறகு ராயல் என்ஃபீல்டு. இவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறிய, நடுத்தரக் கம்பெனிகள் வரிசையாக. விடிகாலையில் சாலையோரம் நின்றால் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆள் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரிய எழுத்தில் சாப்பாட்டுக் கடைப் பலகைகள்கூட இருக்கின்றன.

கால் நூற்றாண்டாகக் கொரியாவும் ஜெர்மனியும் ஜப்பானும் இந்தப் பக்கத்து மக்களுக்கு முதலாளிகளாகவும் மேலாளர்களாகவும் பழகியிருக்கின்றன. அந்த நாடுகளின் ஆய்வுக்கூடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் மாணவராகப் போவது மட்டும் வேறு யாரோ வீட்டுப் பிள்ளைகளின் சமாச்சாரம் என்ற எண்ணம் இன்னும் விலகவில்லை. மெல்ல விலகத் தொடங்கியிருக்கிறது. தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் ஸ்கவுட் பிரிவில், 2024 ஜூனில் 25 மாணவர்கள் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சிக்குப் போய்வந்தார்கள். டாட் எனப்படும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு, அறிவியல், பொறியியல் மாணவர்களுக்காக வைஸ் என்ற கோடைப் பயிற்சி உதவித்தொகை தருகிறது. அது குறிப்பிட்ட கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்கு மட்டும் என்பதால் முதலில் பட்டியலில் தம் கல்லூரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கனடாவின் மிட்டாக்ஸ் அமைப்பு 12 வார ஆய்வுப் பயிற்சி நடத்திவருகிறது. இவை எதிலும் சேராத வழி, இந்தப் பெண் போன வழி: நேராக எழுதிக் கேட்பது. அதற்குத் துணிந்தவளுக்கு மற்றதைக் கேட்கவும் துணிவு இருக்கும் என்றே நம்புகிறேன்.

ஆனாலும் கேட்பது நம் பிள்ளைகளுக்கு எளிதாக வருவதில்லை. வகுப்பில் எழுந்து கேள்வி கேட்பவனை அதிகப்பிரசங்கி என்று உட்கார வைத்துவிடுகிறோம். தெரியவில்லை என்று சொன்னால் மானம் போய்விடும் என்று பள்ளியிலிருந்தே பழக்கிவிடுகிறோம். முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு இந்தப் பயம் இரட்டிப்பு. எல்லோருக்கும் தெரிந்தது தனக்கு மட்டும் தெரியவில்லையோ என்ற கூச்சம் கூடவே வருகிறது.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய உதாரணம் கணித மேதை சீனிவாச ராமானுஜன்.

1912இல் சென்னைத் துறைமுக டிரஸ்ட் அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குத் தானே கடிதம் எழுதினார். முன்பின் அறியாத ஓர் அறிஞருக்கு நேராக எழுதிக் கேட்ட நம் ஊர்ப் பையன்களில் அவர்தான் தலைப்பிள்ளை. அடுத்த ஆண்டு, 1914 மார்ச் 17ஆம் தேதி, நெவாசா என்ற கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டார்.

அந்தப் பயணத்துக்கு நடந்த ஆயத்தத்தை இப்போது படித்தாலும் மனம் நெகிழ்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை ஒதுக்கியது. அதிலிருந்து ஒரு பங்கை மாதா மாதம் கும்பகோணத்துக்குத் தாயாருக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டுத்தான் அவர் கப்பல் ஏறினார். குடுமியை எடுத்தார்கள். கோட்டும் சட்டையும் பூட்சும் வாங்கினார்கள். கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கப் பழக்கினார்கள். பெரிய மனிதர்கள் பலர் சேர்ந்து அக்கறையோடு செய்த ஆயத்தம். பட்டியலில் ஒரு குறையும் இல்லை.

கேம்பிரிட்ஜில் குளிர் வந்தது. ஒருநாள் ராமானுஜனின் அறைக்கு வந்த மகலனோபிஸ், ராத்திரி குளிர் தாங்குகிறதா என்று விசாரித்தார். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய அதே பி. சி. மகலனோபிஸ், அப்போது அவரும் அங்கே மாணவர். குளிர் தாங்கவில்லை, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு அதன்மேல் சால்வையும் போர்த்திப் படுக்கிறேன் என்றார் ராமானுஜன். போர்வை தரவில்லையா என்று மகலனோபிஸ் உள்ளே போய்ப் பார்த்தார். போர்வைகள் இருந்தன. கட்டிலில் விரித்து, ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுக்கமாகச் செருகி, மேலே ஒரு விரிப்பும் போட்டிருந்தது. அந்த ஊரில் படுக்கை அப்படித்தான் போடுவார்கள்; மேல் விரிப்பை விலக்கி, போர்வைகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும். ராமானுஜன் விரிப்பின் மேலேயே படுத்துக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். மகலனோபிஸ் போர்வையைப் பிரித்து, எப்படி உள்ளே போவது என்று காட்டிக் கொடுத்தார்.

அவரை யாரும் வஞ்சிக்கவில்லை. அவருக்குத் தெரியாது என்பது அங்கே யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். படுக்கையில் எப்படிப் படுப்பது என்று ஒரு மனிதருக்குத் தெரியாமல் இருக்கலாம் என அந்த ஊர்க்காரர்களுக்குத் தோன்றவே வாய்ப்பில்லை. இதைப் படுக்கையறையில் வேலை செய்பவரிடம் எப்படிக் கேட்பது என்று ராமானுஜனுக்கும் தோன்றியிருக்காது. உலகத்தின் மிகக் கடினமான கேள்விகளைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்ட மனிதர் அவர்.

இன்றைக்குப் போகிற பிள்ளைகளுக்குப் போர்வை பிரச்சினையாக இருக்காது. வேறொன்று இருக்கும். துணி துவைக்கிற இயந்திரத்துக்கு எங்கே காசு போடுவது, பஸ்ஸில் சீட்டை எங்கே பதிவு செய்வது, ஆய்வுக்கூடத்தில் எந்த இயந்திரத்தை அனுமதி வாங்காமல் தொடக் கூடாது, மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்து போகும்போது தானும் போகலாமா. இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்வார்கள். கேட்காவிட்டால் மாதக்கணக்கில் சங்கடப்பட வேண்டியதுதான்.

இந்த விஷயத்தில் மணிமங்கலத்துப் பெண்ணுக்கு ஒரு நல்ல ஆசிரியர் வீட்டிலேயே இருக்கிறார். அம்மா, உங்கள் கணவரைத்தான் சொல்கிறேன். வாகனத் தொழிற்சாலை லைன்களில் ஆண்டான் என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் வேரூன்றி உலகமெல்லாம் பரவிய முறை. தலைக்கு மேலே ஒரு கயிறு, அல்லது கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு பொத்தான். போல்ட் சரியாக உட்காரவில்லை, பாகம் மாறி வந்திருக்கிறது, ஏதோ சந்தேகம் என்றால் தொழிலாளி அதை இழுக்க வேண்டும். மேலே விளக்கு எரியும், பாட்டு ஒலிக்கும், லைன் லீடர் ஓடி வருவார். குறித்த நேரத்துக்குள் தீரவில்லை என்றால் லைனே நிற்கும். இழுத்ததற்காகத் திட்டக் கூடாது என்பதுதான் அந்த முறையின் உயிர். சந்தேகத்தோடு ஒரு பாகத்தை அடுத்த ஆளுக்குத் தள்ளிவிடுவதுதான் அங்கே குற்றம்.

கல்லூரியில் இதை ஒரு பாடமாகப் படித்துத் தேர்வில் எழுதியிருப்பாள் மகள். அப்பா அதை எட்டு மணி நேர ஷிப்டில் கையால் பழகியவராக இருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து பேசட்டும். ஃபைவ்-எஸ் என்று சுவரில் எழுதி வைத்திருக்கும் ஒழுங்கு விதிகள் நிஜத்தில் எப்படி நடக்கின்றன, ஷிப்ட் மாறும்போது அடுத்தவருக்கு என்ன சொல்லிவிட்டுப் போவார்கள், ஒரு தவறு நடந்தால் யாரிடம் எப்படிச் சொல்ல வேண்டும். ஜெர்மன் ஆய்வுக்கூடத்தில் முதல் வாரம் அவளுக்குத் தேவைப்படப்போவது இந்த அறிவுதான். உன் ஊரில் என்ன தயாரிக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் பாடப்புத்தகத்தைத் தேட வேண்டியதில்லை. அப்பா செய்கிற பாகத்தைப் பற்றிச் சொல்லலாம்.

இதைச் சொல்லும்போது மனதில் ஒரு கோபமும் வருகிறது. இந்தத் தொழில் வட்டாரத்துக்கு நடுவிலேயே இருந்துகொண்டு, இன்பிளான்ட் டிரெய்னிங் என்ற பெயரில் பணம் கட்டினால் சான்றிதழ் கைக்கு வந்துவிடும் என்ற வழக்கத்தைக் கல்லூரிகள் சில கண்டும் காணாமல் விட்டுவிடுகின்றன. மாணவர் இயந்திரத்தைத் தொட்டிருக்கவே மாட்டார். காகிதம் மட்டும் இருக்கும். வெளிநாட்டுப் பேராசிரியர் காணொளியில் பேசும்போது, அங்கே நீ என்ன செய்தாய், என்ன சிக்கல் வந்தது, எப்படித் தீர்த்தாய் என்று மூன்றே கேள்வி கேட்பார். காகிதம் பதில் சொல்லாது. பக்கத்து ஊர்ப் பட்டறையில் ஒரு மாதம் நிஜமாக வேலை பார்த்த பிள்ளை மடமடவென்று சொல்லும். வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்க நினைக்கிற மாணவர்களே, முதல் இன்டர்ன்ஷிப்பை ஒரகடத்திலோ வல்லத்திலோ உண்மையாகச் செய்யுங்கள்.

இப்போது காகிதங்களுக்கு வருகிறேன். அழைப்புக் கடிதம் வந்ததும் சந்தோஷத்தில் அதை ஒருமுறை படித்துவிட்டு வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிடுகிறோம். அதை வரிவரியாக, வீட்டில் எல்லோரும் சேர்ந்து, தமிழில் சொல்லிப் பார்த்துப் படிக்க வேண்டும். என்ன வேலை, யார் மேற்பார்வை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், உதவித்தொகை உண்டா, உண்டென்றால் மாதத் தொடக்கத்திலா முடிவிலா, தங்குமிடம் அவர்கள் தருகிறார்களா, நாமே பிடிக்க வேண்டுமா, உடல்நலக் காப்பீடு யார் பொறுப்பு. கடிதத்தில் இதில் எது இல்லையோ அதைக் கேட்டு எழுத வேண்டும். அப்படிக் கேட்பதால் இடம் பறிபோய்விடும் என்று பயப்படாதீர்கள். அமெரிக்காவுக்கு ஜே-1 விசாவில் இன்டர்ன்ஷிப் போகிறவர்களுக்கு டிஎஸ்-7002 என்று ஒரு படிவம் உண்டு. கட்டம் கட்டமாக என்ன கற்றுத்தரப்படும், யார் மேற்பார்ப்பார் என்று எழுதி, மாணவரும் பயிற்சி தருபவரும் ஸ்பான்சர் அமைப்பும் கையெழுத்துப் போட வேண்டும். இந்தக் கேள்விகளெல்லாம் முறையானவை என்பதற்கு அரசாங்கப் படிவமே சாட்சி. வேறு நாட்டுக்குப் போகிறவர்களும் அந்தப் படிவத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தங்கள் கேள்விகளை எழுதிக்கொள்ளலாம்.

எந்த விசா என்ற கேள்வியை மட்டும் எதற்காகவும் விட்டுவிடாதீர்கள். சுற்றுலா விசாவில் வந்துவிடு, இங்கே வந்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் அந்த இடத்தோடு பேச்சை நிறுத்திவிட வேண்டும். 2022இல் நடந்ததைத் தமிழ்நாடு மறக்கக் கூடாது. தாய்லாந்தில் டிஜிட்டல் சேல்ஸ், மார்க்கெட்டிங் வேலை என்று சொல்லி அழைத்துப்போகப்பட்ட நம் படித்த இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய், இணைய மோசடி வேலையில் அடைத்து வைத்தார்கள். அந்த அக்டோபரில் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். அவர்கள் ஏமாளிகள் இல்லை. வேலை தேடிய பிள்ளைகள். பதில் சொல்லாமல் அவசரப்படுத்துகிற இடம் ஆபத்தான இடம் என்பதை அவர்கள் பட்ட பாடு நமக்குச் சொல்கிறது. படிப்பு முடித்து வேலைக்கே போகிறவர்கள், முகவர் பதிவு பெற்றவர்தானா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். தமிழக அரசே 1978 முதல் நடத்திவரும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரிக்கலாம். மாணவர் பயிற்சிக்கு இடம் பிடித்துத் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்கிறவரை நம்பி வீட்டு நகையை அடகு வைக்காதீர்கள்.

ஜெர்மனியைப் பற்றித் தனியாகச் சில. மூன்று மாதத்துக்குக் குறைவாகப் போனாலும் பயிற்சி பயிற்சிதான். அதற்குரிய விசாவும், தேவைப்பட்டால் அந்நாட்டு வேலைவாய்ப்புத் துறையின் ஒப்புதலும் வேண்டும். எந்த வகை என்று அழைத்த பேராசிரியரின் அலுவலகத்திலும் விசா விண்ணப்ப மையத்திலும் இரண்டு இடத்திலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். ஷெங்கன் எனப்படும் குறுகிய கால விசாவுக்கான மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். வாடகை வீட்டுக்கு அட்வான்ஸாக மூன்று மாத வாடகை வரை கேட்க அங்கே சட்டம் அனுமதிக்கிறது. இந்தத் தொகையைக் கணக்கில் சேர்க்காமல் போய் முதல் வாரமே கையைப் பிசைகிற நிலை வரக் கூடாது.

பாஸ்போர்ட்டில் பெயர் விஷயம் நம் தமிழ்நாட்டுக்கே உரிய தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மு. கவிதா என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியல் போட முடியாது. விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரைப் போடுவோம். உடனே விமானச் சீட்டு முதல் ஆய்வுக்கூட அடையாள அட்டை வரை அவள் கவிதா முருகன். கல்லூரிச் சான்றிதழில் இன்னும் மு. கவிதா. இரண்டும் ஒரே ஆள்தான் என்று கல்லூரியிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது பின்னால் பல இடத்தில் கைகொடுக்கும். ஜெர்மனியில் அலுவலகக் கடிதங்களில் முருகன் அம்மையார் என்ற பாணியில்தான் விளிப்பார்கள். என்னைக் கவிதா என்று கூப்பிடுங்கள் என்று முதல் நாளே சொல்லிவிடலாம். குடும்பப் பெயர்க் கட்டத்தையோ பெயர்க் கட்டத்தையோ காலியாக விட்டு ஒற்றைப் பெயரில் பாஸ்போர்ட் எடுத்தவர்கள் அதை இப்போதே திருத்திக்கொள்வது நல்லது. ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டில் சுற்றுலா, வருகை விசாக்காரர்களை ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது பலரைத் திண்டாட வைத்தது. மணிமங்கலத்துக்காரர்களுக்குத் தாம்பரத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. காவல் நிலைய விசாரணைக்கு நேரம் பிடிக்கும் என்பதால், அழைப்புக் கடிதம் வரும்வரை காத்திருக்காமல் கல்லூரி முதலாம் ஆண்டிலேயே எடுத்து வைப்பது உத்தமம்.

நெய்க்கு வருவோம். அம்மா, நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு வெளியிலிருந்து வருகிற பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரத் தடை இருக்கிறது. விமான நிலையத்தில் பறித்துக்கொள்வார்கள். உங்கள் கையால் காய்ச்சியதைக் குப்பைத் தொட்டியில் போடுவதை அவள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்பார்கள். பருப்புப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், காயவைத்துப் பொடித்த கறிவேப்பிலை தாராளமாகப் போகட்டும். எல்லாவற்றையும் பெட்டிக்குள், கசியாத டப்பாவில், பெயர் எழுதி ஒட்டி வையுங்கள். மருந்துகளை அட்டையிலிருந்து பிரிக்காமல், டாக்டர் சீட்டோடு கைப்பையில் வைக்க வேண்டும். ஸ்வெட்டர் ஒன்று போதும். ஜெர்மனியின் கோடையிலும் சாயங்காலம் சில்லென்று இருக்கும், திடீர் மழையும் வரும், ஆகவே மழைக்கோட்டு அதைவிட முக்கியம். ஆய்வுக்கூடத்துக்குப் பாதுகாப்புக் காலணி தேவையா, அவர்களே தருவார்களா என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

மொழியைப் பொறுத்தவரை, சென்னையில் ஜெர்மனுக்கு மாக்ஸ்முல்லர் பவன், ஜப்பானியத்துக்கு ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய், கொரியத்துக்கு இன்கோ மையம் என்று நல்ல இடங்கள் இருக்கின்றன. இதில் தோசோகாய் எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு. ஜப்பானுக்குப் பயிற்சிக்குப் போய்வந்தவர்களே சேர்ந்து உருவாக்கிய முன்னாள் பயிற்சியாளர் சங்கம் அது. தாங்கள் பட்ட சிரமம் அடுத்தவர் படக் கூடாது என்று மொழியைக் கற்றுத்தருகிறார்கள். வகுப்பில் சேர நேரமில்லை என்றாலும் ஒரே ஒரு வாக்கியத்தை நாக்கு பழகும்வரை சொல்லிப் பார்த்துவிட்டுப் போகட்டும்: தயவுசெய்து இன்னொரு முறை சொல்லுங்கள். ஜெர்மனியில் "பிட்டெ நோக் ஐன்மால்". ஜப்பானில் "மோ இச்சிதோ ஒனெகாய்ஷிமாசு". கொரியாவில் "தாஷி ஹன்பொன் மால்சும்ஹே ஜுசேயோ". புரியாததற்குத் தலையாட்டிவிட்டு வந்து விடிய விடியக் கவலைப்படுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இந்தப் பக்கத்துத் தொழிற்சாலை நிர்வாகிகள் நம் இதழைப் படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். ஐயேஸ்டே என்று ஒரு சர்வதேச மாணவர் பயிற்சிப் பரிமாற்ற அமைப்பு இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில், 1948இல், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் உருவானது. அது நடக்கிற விதம் பரிமாற்றம்தான்: ஒரு நாட்டு நிறுவனங்கள் வெளிநாட்டு மாணவர்களுக்கு எத்தனை இடம் தருகின்றனவோ, அதற்கு ஈடாக அந்த நாட்டு மாணவர்களுக்கு வெளியே இடம் கிடைக்கும். உழைப்புக்கு வாழ்க்கைச் செலவுக்குப் போதுமான தொகையும் உண்டு. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இருக்கிற நிறுவனங்கள் ஆளுக்கு ஓர் இடத்தை ஒரு வெளிநாட்டு மாணவருக்குத் திறந்துவிட்டால், அதற்கு ஈடாக மணிமங்கலத்திலிருந்தும் படப்பையிலிருந்தும் சோமங்கலத்திலிருந்தும் பிள்ளைகள் போக வழி பிறக்கும். நிலமும் நீரும் உழைப்பும் தந்த ஊர்கள் இவை. இதைக் கேட்க இவ்வூர்களுக்கு உரிமை இருக்கிறது.

அம்மா, அவள் போனபின் நீங்கள் கேட்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கோடையில் ஜெர்மனி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். அங்கே அவள் ஏழு மணிக்கு அறைக்குத் திரும்பினால் இங்கே ராத்திரி பத்தரை. கணவருக்கு செகண்ட் ஷிப்ட் இருக்கிற வாரத்தில் எந்த நேரம் பேசுவது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒருநாள் போன் வராவிட்டால் யாரிடம் விசாரிப்பது என்பதையும். பேராசிரியர் அலுவலக எண், தங்குமிட முகவரி, காப்பீட்டு எண், பாஸ்போர்ட் நகல் எல்லாம் வீட்டில் ஒரு கோப்பில் இருக்கட்டும். ஜெர்மனியில் அவசர உதவிக்கு 112. பெர்லினில் நம் தூதரகமும், ஃபிராங்பர்ட், ஹாம்பர்க், மியூனிக் நகரங்களில் துணைத் தூதரகங்களும் இருக்கின்றன. வெளிநாட்டிலிருக்கும் இந்தியர்களின் குறை கேட்க வெளியுறவு அமைச்சகம் 2015இல் தொடங்கிய மதத் என்ற தளத்தில் மாணவர்களும் பதிவு செய்துகொள்ளலாம்.

பேசும்போது சாப்பிட்டாயா என்று கேளுங்கள். கேட்காமல் இருக்க முடியாது, கேட்கவும் வேண்டும். அதோடு இன்றைக்கு என்ன வேலை செய்தாய் என்றும் கேளுங்கள். அவள் சொல்வது புரியாவிட்டால் புரியவில்லை, இன்னொரு முறை சொல் என்று சொல்லுங்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் விளங்குகிற மாதிரி தன் வேலையைச் சொல்லத் தெரிந்த பெண், ஆய்வுக்கூடத்தின் வாரக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லவும் தயங்கமாட்டாள்.

வெளிநாட்டில் பயிற்சி முடித்து வந்த வாசகர்கள் நம்மிடையே பலர் இருப்பீர்கள். உல்சானோ ஸ்டுட்கார்ட்டோ நகோயாவோ, எந்த ஊராக இருந்தாலும் சரி. போன முதல் வாரத்தில் உங்களுக்குத் தெரியாமல் தவித்த ஒரு சின்ன விஷயத்தை எழுதி அனுப்புங்கள். பெரிய சாதனைக் கதை வேண்டாம். வாடகை ஒப்பந்தத்தில் நீங்கள் கவனிக்காமல் விட்ட வரி, பஸ் பாஸ் வாங்கிய விதம், குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா என்று தயங்கியது, மேற்பார்வையாளரை எப்படி விளிப்பது என்று குழம்பியது. அரைப் பக்கம் போதும். வருகிற கடிதங்களை மார்ச் இதழில் வெளியிடுகிறோம். விசாவுக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள் கையில் அது நேரத்தோடு கிடைக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்